நகரிக்கு வரைந்த வட்டத் தெரு

சென்னையில் காலை ரயிலைப் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நகரி போய்விடலாம். அதற்கே என் அறை நண்பர்கள் மாலை போடாத குறையாக வழியனுப்பினார்கள். ஆந்திரம் தனி ராஜ்யமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா? ஃபாரின்ல போய் நம்ம மானத்தை வாங்கிடாதே" என்றான் ஒருவன். விளையாட்டாகத்தான் சொன்னான். நானும் சிரித்துக்கொண்டுதான் ஏறினேன்.

நான் அப்போது கட்டடக்கலை கடைசி வருஷ மாணவன். தலைக்கனம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் அந்த நாளைய என் போட்டோவைக் காட்டலாம். அதற்குக் காரணமும் இருந்தது. நகரிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் நெசவாளர் வீடுகள் பள்ளத்தில் இருந்தன. நெய்கிறவர் காலை வைத்து மிதிப்பதற்காகத் தறிக்கடியில் குழி தோண்டியிருப்பார்கள். நல்ல மழை பெய்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஏறி, தறியே நனைந்துபோகும். மேட்டில் புது வீடுகள் கட்டித்தர சர்க்கார் இடம் ஒதுக்கியது. அதையே எங்கள் கல்லூரியில் எனக்குப் பரீட்சை வேலையாகக் கொடுத்தார்கள். நான் வரைந்த பிளான் ஆசிரியர்களுக்குப் பிடித்து, எப்படியோ திருப்பதியில் இருந்த ஓர் இன்ஜினீயரின் மேஜைக்கும் போய்ச் சேர்ந்தது. "இதையே கட்டுவோம்" என்று அவர் எழுதிவிட்டார். நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போடும்போது நீயும் வந்து நில் என்று எனக்கு அழைப்பு. கேட்க வேண்டுமா?

பிளானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீடுகளை வரிசையாக நிறுத்துவது உலக வழக்கம். நான் வட்டமாக நிறுத்தினேன். நடுவில் ஒரு மேடை, அதில் ஒரு மரம். மேற்கு வெயில் ஒரு பாதி வீடுகளுக்கு முதுகுச் சுவரில் விழும், எதிர்ப் பாதிக்கு மரம் நிழல் தரும், சாயங்காலக் காற்று எல்லா வீட்டுக்குள்ளும் புகும். எல்லா வாசலும் எல்லா வாசலையும் பார்க்கும். 'மக்கள் ஒருவரையொருவர் பார்த்து வாழ்வார்கள்' என்று ஓரத்தில் அழகான எழுத்தில் எழுதியிருந்தேன். அதுவரை அவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் வாழ்ந்ததாக எனக்கு நினைப்பு.

அதற்கு முன் அந்த ஊருக்கு ஒரே ஒரு மத்தியானம் போயிருந்தேன். பழைய தெருவைப் பற்றி நோட்டில் குறித்துக்கொண்டது இவ்வளவுதான்: 'மிக நீளம். நேர்கோடு. இருபுறமும் மரங்கள். ஆள் நடமாட்டம் இல்லை. பயனற்ற வெளி.' அந்தக் கடைசி இரண்டு சொற்களை என் ஆசிரியர் பென்சிலால் அடிக்கோடிட்டுப் பாராட்டினார்.

நகரி ஸ்டேஷனில் ஏகாம்பரம் காத்திருந்தார். நெசவாளர் சங்கத்துக் காரியதரிசி. நாற்பது வயதிருக்கும், என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். ஜட்கா வண்டிக்குதிரைக்கு என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பாதி வழியில் நின்றுவிட்டது. மீதித் தூரம் நடந்தோம். என் பெட்டியை அவர்தான் தூக்கிக்கொண்டார்.

வீட்டில் கேழ்வரகுக் களி, வேர்க்கடலைத் துவையல். திருவல்லிக்கேணி மெஸ்ஸில் சாம்பாரில் நீந்திப் பழகிய எனக்குக் களியை எப்படிச் சாப்பிடுவது என்றே தெரியவில்லை. மென்று பார்த்தேன். ஏகாம்பரத்தின் மனைவி மரகதம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "மெல்லாத நைனா. துவையல்ல தொட்டு அப்டியே முழுங்கிடு. அப்பதான் எறங்கும்." அந்தப் பக்கத்தில் அப்பாவும் நைனாதான், பிள்ளை வயசுப் பையனும் நைனாதான். விழுங்கினேன். பிரமாதமாக இருந்தது.

"இன்னும் ரெண்டு உருண்டை துன்னுங்க சார்" என்று சொல்லிக்கொண்டே ஏகாம்பரம் ஊர் நிலவரம் சொன்னார். "நாங்க மெட்ராசா ஆந்திராவான்னே தெரியல. ஒரு நாளு அந்தப் பக்கம்னு சொல்றாங்கோ, ஒரு நாளு இந்தப் பக்கம்னு சொல்றாங்கோ. எந்தப் பக்கமா இருந்தா இன்னா, வூடு ஆரம்பிச்சிட்டா போதும். எல்லைக் கோடு போட்டுட்டாங்கன்னா எங்க காயிதம் எந்த ஆபீசுக்குப் போவுமோ, யார் கண்டா?"

சாயங்காலம் மேட்டு நிலத்தில் கயிறு பிடித்து, முளை அடித்து, சுண்ணாம்பு தூவினார்கள். வட்டம் வெள்ளையாக விழுந்தது. நான் இடுப்பில் கைவைத்து நின்றேன். ஊரே வந்து சுற்றி நின்றது. மரகதம் கோட்டை ஒட்டியே ஒரு சுற்று நடந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நைனா, பாவு நூலு எங்க நீட்றது?"

"வீட்டுக்கு முன்னால் எவ்வளவு இடம் விட்டிருக்கிறேன், பார்க்கவில்லையா?"

"எடம் கீது. நேரா இல்லியே. வளைஞ்சிக்கினு போவுதே."

"அக்கா, இது வெயில், காற்று எல்லாம் ஆராய்ச்சி செய்து வரைந்தது. கோலம் போடுகிற வேலை இல்லை" என்றேன்.

நாலு பேர் சிரித்தார்கள். நான் அதற்காகத்தான் சொன்னேன். "நீ சும்மா இரு. படிச்சவருக்குத் தெரியாதா?" என்றார் ஏகாம்பரம். மரகதம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

மறுநாள் விடிகிற நேரத்தில் ஏதோ பேச்சுக்குரல் கேட்டு எழுந்து வெளியே வந்தேன். நான் பயனற்றது என்று எழுதிய தெரு முழுக்க நூல்.

ஒரு முனையில் கம்பம், மறுமுனையில் கம்பம். நடுவே நெடுகிலும் கவைக்கால்கள் மேல் ஒரு தறியின் பாவு, அதாவது துணியில் நெடுக்காக ஓடும் நூல், மொத்தமும் விரிந்து கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு பக்கமும் நடந்தபடி அரிசிக் கஞ்சியைத் தெளித்து, நீளமான நார்ப் பிரஷ்ஷால் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போனார்கள். அறுந்த இழையைக் கண்டால் நடை நிற்காமலே முடிச்சுப் போட்டார்கள். மர நிழலில் கஞ்சி மெதுவாகக் காய வேண்டும். வெயிலும் காற்றும் எழுவதற்குள் முடித்தாக வேண்டும். அன்றைக்குப் பாவு மூன்றாம் வீட்டுக்காரருடையது. ஆனால் தெருவே வேலை செய்தது. நாளைக்கு அடுத்த வீட்டுப் பாவு, அதற்கும் இதே ஆட்கள் வருவார்கள். வெயிலையும் காற்றையும் நிழலையும் பார்த்து, எல்லாரும் கூடி வாழ ஓர் இடம். நான் ஆறு மாதம் உட்கார்ந்து வரைந்தது இதைத்தானே? அது ஏற்கெனவே அங்கே இருந்தது. நேர்கோட்டில் இருந்தது.

கம்பத்துக்குக் கம்பம் நடந்து எண்ணினேன். தொண்ணூறு தப்படி. என் வட்டத்தில் எங்கே பிடித்தாலும், நடு மேடையை விட்டுப் பார்த்தால், அதில் பாதிகூடத் தேறாது. நூல் வளையாது. வளைந்தால் ஒரு பக்கம் தொய்யும், ஒரு பக்கம் அறும்.

"போன தடவை நான் வந்தபோது இதெல்லாம் இல்லையே" என்றேன் ஏகாம்பரத்திடம்.

"நீங்க வந்தது மத்தியானம். அதுவும் அன்னிக்கு அமாவாசை சார். அமாவாசைக்குத் தறி தொட மாட்டோம்."

கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். அந்த நேரத்தில் "நான் தப்புப் பண்ணிவிட்டேன்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதை நீங்கள் முன்பே சொல்லியிருக்கலாமே."

"தப்புதான் சார். சொல்லாம வுட்டுட்டோம்" என்றார் அந்த மனிதர். "மாத்த முடியுமா?"

"பார்க்கலாம்" என்றேன், ஏதோ தர்மம் பண்ணுகிறவன் போல. ராத்திரிக்குள் நேர்த் தெருவாக இன்னொரு பிளான் போட்டுவிட்டேன். வெட்கம் உந்தினால் கை வேகமாகத்தான் ஓடுகிறது.

அடுத்த நாள் அவரும் நானும் திருப்பதிக்குப் போனோம். பஸ்ஸில் பாதிப்பேர் மொட்டை, மீதிப்பேர் மொட்டை போடப் போகிறவர்கள். எனக்குப் பின்னால் ஒரு கிழவர் தெலுங்கில் யாரிடமோ, "பெருமாளிடம் கேட்டால் கிடைக்கும், ஆனால் சரியாகக் கேட்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஹோட்டலில் பப்பு என்கிற பருப்பும் ஆவக்காய் ஊறுகாயும் போட்டுப் பிசைந்த சோற்றில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். குற்ற உணர்ச்சி பசியைத் தொடுவதில்லை.

இன்ஜினீயர் என்னைப் பார்த்ததும் எழுந்து கைகுலுக்கினார். நல்ல மனிதர், தெலுங்கர், என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். "பரீட்சை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடு. உன் மாதிரி ஒரு பையன் எனக்கு வேண்டும்" என்றார். ஏகாம்பரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் புதுப் பிளானை விரித்தேன்.

அவர் முகம் சுருங்கியது. "வட்டம் நன்றாக இருந்ததே. ஏன் மாற்ற வேண்டும்? பிளானில் பிழை என்றால் சொல். பிழை திருத்துவது என் அதிகாரம், இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அவர்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள் என்றால் அது வேறு விஷயம். சித்தூரில் ஜில்லா ஆபீஸுக்குத்தான் போக வேண்டும். எது?"

இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியாது. பிழை என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைச் சொன்னால், 'உன் மாதிரி ஒரு பையன்' என்றாரே, அந்தப் பையன் காணாமல் போய்விடுவான்.

"பிழை இல்லை சார். மக்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள்" என்றேன்.

அவர் ஆபீஸிலேயே உட்கார்ந்து ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். குடியிருக்கப் போகிறவர்கள் இந்த அமைப்பை ஏற்க மறுக்கிறார்கள், நேர்த் தெருவாக மாற்றித் தரும்படி கோருகிறார்கள், இத்யாதி. சங்கத்தின் சார்பில் கையெழுத்து வேண்டும். வெளியே கொண்டுபோய் நீட்டினேன். "படித்துச் சொல்லட்டுமா?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"நீங்க எழுதினதுதானே சார்" என்று சொல்லிவிட்டு, முழங்காலில் வைத்து, தமிழில் எழுத்துக்கூட்டி முழுப்பெயரும் எழுதினார் ஏகாம்பரம்.

சித்தூருக்கு மறுநாள் ரயில். பாகாலாவில் வண்டி மாற வேண்டும். எனக்கா தெரியாது என்று ஒரு வண்டியில் ஏறி ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தேன். ஏகாம்பரமும் பேசாமல் எதிரில் உட்கார்ந்தார். விசில் ஊதுகிற நேரத்தில்தான், அது தர்மாவரம் போகிற வண்டி என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். விழுந்தடித்துக்கொண்டு இறங்கினோம். எங்கள் வண்டி அதற்குள் போய்விட்டிருந்தது.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றேன் எரிச்சலாக.

"தெரியும் சார். இது வேற ரூட்டுன்னு தெரியும். நீங்க இன்னாவோ நெனச்சிக்கினு ஏறுறீங்கன்னு இருந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. இந்த மனிதர் ஏன் வாயைத் திறப்பதில்லை? பிறகு, வாயைத் திறந்த ஒருத்தியை மேட்டு நிலத்தில் நான் என்ன செய்தேன் என்பது ஞாபகம் வந்தது. அவருக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வண்டிக்கு நாலு மணி நேரம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஏகாம்பரம் தன் புது வீட்டைப் பற்றியே பேசினார். கிணற்றுக்குப் பக்கத்து மனை கிடைத்தால் நல்லது. ஜன்னல் ஒன்று வடக்குப் பக்கம், மரகதத்துக்கு வெளிச்சம் வேண்டும், ராட்டினத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து கண் எரிகிறது. "போன ஐப்பசியில தறிக்குழியில முட்டிக்கால் தண்ணி சார். அவதான் சட்டியால மொண்டு மொண்டு ஊத்தினா, ரெண்டு நாளு." கடிதத்தைக் கிழித்துப் போட அங்கே எனக்கு நாலு மணி நேரம் இருந்தது. அது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

சித்தூர் ஜில்லா ஆபீஸில் அதிகாரி தலை நிமிராமல் கடிதத்தைப் படித்தார். வாசல் நிலையைப் பிடித்தபடி ஏகாம்பரம் நின்றார். அதிகாரி குமாஸ்தாவிடம் தெலுங்கில் பேசினார். எனக்கே புரிகிற தெலுங்கு. "எல்லை எப்படிப் போகுமோ தெரியவில்லை. அதற்குள் வேலையை ஆரம்பித்துக் காட்ட வேண்டும். இவர்களே வேண்டாம் என்கிறார்கள். பட்டியலில் அடுத்த ஊரைப் போடு, இவர்களைக் கடைசிக்குத் தள்ளு."

ஏகாம்பரம் உள்ளே வந்துவிட்டார். "நாங்கள் எப்போது வேண்டாம் என்றோம், ஐயா?" என்று தெலுங்கில் கேட்டார்.

அதிகாரி கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். "இது உன் கையெழுத்துதானே?"

ஏகாம்பரம் தன் பெயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சந்தேகமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. உதவிக்குப் பார்த்தார்.

"சார், இவர்கள் தெருவை மட்டும்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"எழுதியது யார்?"

"நான்தான்."

"எழுதியதில் தவறு இருக்கிறதா?"

திருப்பதியில் சொன்னதை இங்கே மாற்றிச் சொன்னால், அங்கே பொய் சொன்னேன் என்றாகும். "இல்லை சார்" என்றேன்.

வெளியே வந்தோம். ஏகாம்பரம் ஒரு மரத்தடியில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க இன்னா சார் பண்ணுவீங்க? எம் பொண்டாட்டி கேட்டதை நீங்க எழுதினீங்க. பொம்பள வாயை மூடிக்கினு இருந்திருந்தா, வட்டமோ சட்டமோ, ஒரு வூடு வந்திருக்கும்" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் புத்தூர் வரைக்கும் சொல்லியிருக்கலாம். புத்தூரிலிருந்து நகரி வரைக்கும் சொல்லியிருக்கலாம். பஸ் வழியில் இரண்டு தடவை நின்றது, அப்போதும் நேரம் இருந்தது.

நாங்கள் போய்ச் சேரும்போது தெருவே காத்திருந்தது. ஏகாம்பரம் சொல்லி முடிப்பதற்குள் குரல்கள் எழுந்தன. மூன்றாம் வீட்டு அம்மாள் நேரே மரகதத்திடம் வந்தார். "போன மழையில எம் பாவு பூரா ஊறிப் பூட்டுது. இன்னொரு மழையை இந்தக் குழியில ஒக்காந்து பாக்கணுமா? அன்னிக்கு அத்தினி பேர் எதிர்ல அந்தக் கேள்வி உனுக்கு எதுக்கு?"

"பாவு எங்க நீட்றதுன்னு கேட்டேன். வூடு வாணாம்னா சொன்னேன்?" மரகதம் சுற்றிலும் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். "நைனா, நீயே சொல்லு. நான் வாணாம்னு சொன்னேனா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது... ஆபீஸ் சட்டம் அப்படி. யாரையும் குற்றம் சொல்ல முடியாது" என்றேன்.

கேட்டவர்கள் அதற்குத் தங்களுக்குத் தெரிந்த அர்த்தம் செய்துகொண்டார்கள். படித்த பையன் அவளைக் காட்டிக்கொடுக்காமல் பெருந்தன்மையாகப் பேசுகிறான் என்று. ஒரு பெரியவர் என் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார். ஏகாம்பரம் அன்று மனைவி போட்ட சோற்றைத் தொடவில்லை. நான் எனக்குப் போட்டதைச் சாப்பிட்டேன், சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

வட்டத் தெருவுக்குக் கல்லூரியில் முதல் பரிசு கிடைத்தது. நேர்த் தெருப் பிளானை யாரிடமும் நான் காட்டவில்லை. பரீட்சை முடிந்து திருப்பதி இன்ஜினீயரிடமே வேலைக்குச் சேர்ந்தேன், ஐந்து வருஷம் இருந்தேன். அந்த ஐந்து வருஷமும் நகரிப் பக்கத்து வேலை வந்தால் வேறொருவரை அனுப்பினேன். எல்லைக்கோடு போட்டார்கள், நகரி ஆந்திரத்திலேயே நின்றது. அந்த ஊரின் பெயர் பட்டியலில் எந்த இடத்தில் இருந்தது என்பது என் மேஜையிலேயே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம். நான் பட்டியலைப் பிரித்ததில்லை.

அந்த ஊரை விட்டு நான் கிளம்பிய காலையில் ஏகாம்பரம் என்னை வழியனுப்ப வரவில்லை, யார் வீட்டுப் பாவுக்கோ போய்விட்டார். மரகதத்தை அன்றைக்குப் பாவுக்கு யாரும் கூப்பிடவில்லை. ஜட்கா வண்டி வரைக்கும் அவர்தான் வந்தார். இனிமேலாவது சொல்லிவிட வேண்டும் என்று, வண்டியில் ஏறிய பிறகு, வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சக்கரத்தில் கைவைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்த ஆபீசருங்க கிட்ட சொல்லு நைனா. அடுத்த தபா நீ இன்னா வரைஞ்சிக்கினு வந்தாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."